பாதுகாப்புத் துறையைத் தோண்டும் நிருபருக்கு வரும் ஆபத்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவம், போலீஸ், உளவுத்துறை, ஆயுதக் குழுக்கள், ஆயுதக் கொள்முதல் பற்றி எழுதும் நிருபர்களிடமிருந்தும் எழுத நினைப்பவர்களிடமிருந்தும் வரும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. சட்டம் பற்றிய பதில்கள் இந்தியாவுக்கானவை. இலங்கைக்கென்று ஒரு கேள்வி பின்னால் தனியாக வருகிறது.

பாதுகாப்புச் செய்தி என்றால் டெல்லியில் இருக்கிற பெரிய ஆட்கள் எழுதுவதுதானே? நான் மாவட்ட நிருபர், எனக்கு எதற்கு இது?

இந்தியாவில் உயிர் போன வழக்குகளில் பெரும்பாலானவை மாவட்டத்திலும் தாலுகாவிலும் நடந்தவை. சத்தீஸ்கரின் பீஜாப்பூரில் 'பஸ்தர் ஜங்ஷன்' என்ற யூடியூப் சேனல் நடத்தியவர் முகேஷ் சந்திராகர். 2021-இல் மாவோயிஸ்டுகள் பிடித்துவைத்திருந்த சி.ஆர்.பி.எஃப். வீரரை மீட்டுவரப் போனவர்களில் அவரும் ஒருவர். துப்பாக்கி ஏந்தியவர்கள் நடுவே போய் வந்த அவருக்கு எமனாக வந்தது சாலை ஒப்பந்த ஊழல் பற்றிய செய்தி. 2025 ஜனவரி 1 அன்று காணாமல் போனார். 3-ஆம் தேதி, ஒப்பந்ததாரர் ஒருவரின் வளாகத்துக் கழிவுநீர்த் தொட்டிக்குள் உடல் கிடைத்தது. தொட்டியின் மேல் புதிதாகப் பூசிய சிமென்ட்.

மோதல் பகுதியில் சாலை, முகாம், உணவு சப்ளை, கட்டடம் எல்லாமே பாதுகாப்புப் பணத்தோடு ஒட்டியவை. பத்து கிலோமீட்டர் தார் ரோடு பற்றி எழுதினாலும் நீங்கள் பாதுகாப்புச் செய்திதான் எழுதுகிறீர்கள். உங்கள் வீடு, வண்டி, பிள்ளை படிக்கும் பள்ளி எல்லாம் எதிராளிக்குத் தெரியும் என்பது டெல்லி நிருபருக்கு இல்லாத கூடுதல் சங்கடம்.

எதற்கு அதிகம் பயப்படணும், உயிருக்கா ஜெயிலுக்கா?

அடிக்கடி நடப்பது எது என்று பார்த்தால் முதலில் மிரட்டல், அடுத்து சம்மன், வழக்கு, போன் பறிமுதல், அதற்கப்புறம் கைது. கொலை எண்ணிக்கையில் குறைவு. ஆனால் இந்த வரிசையில் சேராத ஒன்று எல்லாவற்றுக்கும் முன்னால் நடக்கிறது: உங்களுக்குத் தகவல் கொடுத்தவர் மாட்டிக்கொள்வது. உங்களுக்கு வக்கீலும் சங்கமும் கண்டன அறிக்கையும் உண்டு. முகாமில் கிளார்க்காக இருக்கும் சோர்ஸுக்கு எதுவும் இல்லை. துறை விசாரணை, சஸ்பெண்ட், வழக்கு என்று அவர் கதை யாருக்கும் தெரியாமலே முடிந்துவிடும். அதனால் கீழே வரும் பல பதில்கள் உங்களைக் காப்பதை விட அவரைக் காப்பதைப் பற்றியே பேசுகின்றன.

ஆபத்து அரசுப் பக்கத்திலிருந்தா, ஆயுதக் குழு பக்கத்திலிருந்தா?

ஒரே ஆளுக்கு இரண்டு பக்கமிருந்தும் வரும். பீஜாப்பூர் நிருபர் சாய் ரெட்டி மாவோயிஸ்டுகளோடு தொடர்பு என்று 2008-இல் போலீஸாரால் மாநிலப் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானவர். 2013 டிசம்பரில் அவரை வெட்டிக் கொன்றவர்கள் மாவோயிஸ்டுகள். மும்பையில் 2011-இல் நிருபர் ஜே.டே கொல்லப்பட்டது நிழலுலகக் கும்பலால். 2018-இல் ஸ்ரீநகரில் பத்திரிகை ஆசிரியர் சுஜாத் புகாரி சுடப்பட்டபோது அவருக்குக் காவலாக இருந்த இரண்டு போலீஸாரும் உடன் இறந்தார்கள்.

ஒரு செய்தியை எடுக்கும் முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: இது வெளியானால் யாருக்குப் பணம் போகும், யாருக்குப் பதவி போகும், யாருடைய அதிகாரபூர்வ விளக்கம் பொய்யாகும், அவர்களில் யாரிடம் ஆள்பலம் உண்டு. 'அரசு', 'தீவிரவாதி' என்று பொதுவாக எழுதாமல் பெயர், பதவியோடு எழுத வேண்டும். அந்தத் தாளைப் பிறகு எரித்துவிடலாம்.

ஒரே ஒரு போட்டோவுக்காகக் கொல்வார்களா?

கொன்றிருக்கிறார்கள். 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் இறந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த கையெறிகுண்டே வெடித்துவிட்டது என்று அதிகாரிகள் தரப்பு சொன்னது. 'சுடர் ஒளி' நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் உடல்களைப் படமெடுத்தார். தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் அந்தப் படங்களில் தெளிவாகத் தெரிந்தது. அதே மாதம் 24-ஆம் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கவனிக்க வேண்டியது, படம் சொன்ன விஷயம் ஒரே ஒரு அதிகாரபூர்வ வாக்கியத்தை உடைத்தது என்பது. அப்படிப்பட்ட படம் கையில் வந்தால் உங்கள் கேமராவில் மட்டும் வைத்திருக்கக் கூடாது. எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வெவ்வேறு ஊரில் இருக்கும் இரண்டு பேரிடம் மூலக் கோப்பாகவே போய்ச் சேர வேண்டும். மூலக் கோப்பு அவசியம், ஏனென்றால் நாளை 'இது போலி' என்று சொல்வார்கள். பெயர் போடாமல் வெளியிடுவது உதவும்தான். ஆனால் அந்த இடத்துக்குப் போன ஒரே நிருபர் நீங்கள்தான் என்றால் பைலைன் இல்லாததில் பயனில்லை. அப்படி இருந்தால் படம் வெளியாகும் நாளில் நீங்கள் ஊரில் இல்லாமல் இருப்பதைத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

'ரகசியம்' என்று முத்திரை போட்ட ஆவணம் கைக்கு வந்தால் வாங்குவதே குற்றமா?

1923-ஆம் ஆண்டின் அரசாங்க ரகசியங்கள் சட்டத்தின் 5-ஆம் பிரிவு கொடுப்பவரையும் தெரிந்தே பெறுபவரையும் சேர்த்தே பிடிக்கிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை. 3-ஆம் பிரிவு உளவு பார்ப்பதற்கானது; ராணுவம் சம்பந்தப்பட்டால் 14 ஆண்டு வரை போகும். எது ரகசியம் என்று அந்தச் சட்டம் வரையறுக்கவே இல்லை. ஆகவே முத்திரை இருந்தால் குற்றம், இல்லாவிட்டால் இல்லை என்று கணக்குப் போட முடியாது. அரசின் அதிகாரத்தோடு புகார் வந்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளும் என்பது மட்டும் ஒரு சிறு தடுப்பு.

2019-இல் ரஃபேல் விமானக் கொள்முதல் ஆவணங்களை 'தி இந்து' வெளியிட்டபோது, அமைச்சகத்திலிருந்து திருடப்பட்டவை, ரகசியச் சட்டம் பாயும் என்று அட்டர்னி ஜெனரல் உச்ச நீதிமன்றத்திலேயே சொன்னார். ஏப்ரல் 10-ஆம் தேதித் தீர்ப்பில் நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டு, வெளியான ஆவணங்களைப் பரிசீலிக்கலாம் என்றது. இதை நம்பித் தைரியமாக இருக்கலாம், ஓரளவுக்கு. அந்தச் செய்திக்குப் பின்னால் ஒரு பெரிய பத்திரிகையும் அதன் வக்கீல்களும் இருந்தார்கள். பொதுநலன் என்ன என்பதை வெளியிடும் முன்பே எழுத்தில் வைத்திருந்ததும் ராணுவ இயக்க விவரங்களைத் தொடாததுமே இப்படிப்பட்ட வழக்குகளில் கைகொடுக்கும்.

இன்டர்நெட்ல கிடக்கிறதைத்தானே டவுன்லோட் பண்ணேன், அதுக்குமா கேஸ்?

காஷ்மீர் டைம்ஸின் டெல்லி நிருபர் இஃப்திகார் கிலானி 2002 ஜூனில் கைதானார். அவர் கம்ப்யூட்டரில் இருந்தது ஜம்மு காஷ்மீரில் படை எண்ணிக்கை பற்றிய ஒரு கட்டுரை. பாகிஸ்தானிய ஆய்வு நிறுவனம் ஒன்று வெளியிட்டது, இணையத்திலேயே கிடைத்தது. முதலில் அது ஆபத்தான தகவல் என்று கருத்துச் சொன்ன ராணுவ உளவுப்பிரிவு பின்னர் மாற்றிக்கொண்டது. 2003 ஜனவரியில் வெளியே வந்தார். நடுவில் ஏழு மாதம் திகார் சிறை.

பொதுவெளித் தகவல் என்று வாயால் சொன்னால் போதாது. இறக்கிய நாளன்றே அந்தப் பக்கத்தை இணையக் காப்பகத்தில் ஏற்றி வையுங்கள். முகவரி, தேதி, நேரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து செய்தி அலுவலக டெஸ்க்கின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். செயற்கைக்கோள் படம் என்றால் எந்த நிறுவனத்தின் படம், எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் சேர்த்து. கம்ப்யூட்டரைப் பறித்த பிறகு இதையெல்லாம் நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது. அந்த மின்னஞ்சல் வெளியே இருக்கும்.

சோர்ஸ் யார்னு சொல்ல மாட்டேன் என்று மறுக்க சட்டத்தில் உரிமை இருக்கிறதா?

இல்லை என்று நினைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். 1978-ஆம் ஆண்டின் பிரஸ் கவுன்சில் சட்டம் 15(2) செய்தி மூலத்தைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. அது கவுன்சில் நடத்தும் விசாரணைக்கு மட்டும்தான் பொருந்தும். போலீஸுக்கும் நீதிமன்றத்துக்கும் பொருந்தாது. சாட்சியச் சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு வேண்டும் என்று சட்ட ஆணையம் 1983-இலேயே பரிந்துரைத்தது, இன்றுவரை வரவில்லை. ஊழலை வெளிப்படுத்துவோரைக் காக்கும் 2014-ஆம் ஆண்டுச் சட்டமும் நிறைவேறியதோடு சரி, நடைமுறைக்கு வரவில்லை.

எனவே சட்டத்தால் காக்க முடியாத பெயரை உங்களிடமே வைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் வழி. நோட்டுப் புத்தகத்தில் பெயர் வேண்டாம். போன் தொடர்புப் பட்டியலில் 'ஹவில்தார் அண்ணா கேம்ப்' என்று சேமிக்க வேண்டாம். செய்தி ஆசிரியர் ஒருவருக்கு மட்டும் நேரில், வாயால் சொன்னால் போதும்.

சிக்னல் ஆப்லதான் பேசுறேன். அது போதாதா?

பேசியது என்ன என்பதை அது மறைக்கும். இருவரும் தொடர்பில் இருந்தீர்கள் என்பது வேறு வழிகளில் வெளியே வந்துவிடும். முதல் தடவை சாதாரண காலில் பேசி, 'சிக்னலுக்கு வாங்க' என்று சொல்லியிருப்பீர்கள். அந்த அழைப்பின் பதிவைத் தொலைபேசி நிறுவனம் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பர் முதல் உரிம நிபந்தனை. செய்தி வெளியான மறுநாள் அந்த அலுவலகத்தில் இருக்கும் நாற்பது பேரின் சி.டி.ஆரை (அழைப்புப் பதிவை) எடுத்து, உங்கள் எண் யாரிடம் வருகிறது என்று பார்த்தால் முடிந்தது. பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. சோர்ஸ் மாட்டும் சாதாரண வழி இதுதான்.

முதல் தொடர்பே நேரில் அல்லது மூன்றாவது ஆள் மூலம் இருக்கட்டும். நேரில் சந்திக்கப் போகும்போது போனை அணைத்து எடுத்துப்போவதை விட, வீட்டிலேயே ஆன் செய்து விட்டுப் போவது மேல். ஒரே இடத்தில் இரண்டு போன் ஒரே நேரத்தில் அணைவதும் ஒரு தடயம். சிக்னலில் மறையும் செய்தியை ஒரு நாளுக்கு வையுங்கள், எண்ணை மறைத்து பயனர் பெயரில் தொடர்புகொள்ளுங்கள். அமைப்புகளில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலை வாரம் ஒருமுறை பாருங்கள். உங்களுக்குத் தெரியாத லேப்டாப் அதில் இருந்தால் எல்லாச் செய்தியும் அங்கேயும் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பே எல்லாத் தொடர்பையும் நிறுத்திவிடுங்கள். வெளியான பிறகு 'எப்படி இருக்கிறது அங்கே?' என்று விசாரிக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். விசாரிக்காதீர்கள்.

ஆவணத்தை அப்படியே போட்டால்தானே படிக்கிறவங்க நம்புவாங்க?

2017-இல் அமெரிக்காவின் 'தி இன்டர்செப்ட்' தளத்துக்கு ஒரு உளவு ஆவணம் தபாலில் வந்தது. உண்மையா என்று சரிபார்க்க அதன் நகலை அரசுத் தரப்பிடமே காட்டினார்கள். தாள் மடிந்த கோடு நகலில் தெரிந்தது. ஆக, இது அச்சிட்டு வெளியே கொண்டுபோனது. அந்தக் கோப்பை அச்சிட்டவர்கள் யார் என்று பதிவைப் பார்த்தால் ஆறு பேர். அவர்களில் ஒருவரின் அலுவலகக் கம்ப்யூட்டரில் அந்தத் தளத்தோடு மின்னஞ்சல் தொடர்பு. செய்தி வெளியாகும் முன்பே அந்த ஒருவர், ரியாலிட்டி வின்னர் என்ற பெண், கைதாகிவிட்டார். ஐந்து ஆண்டு மூன்று மாதத் தண்டனை. வெளியிட்ட நகலில், பல கலர் லேசர் பிரின்டர்கள் பதிக்கும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளும் இருந்தன. அச்சான தேதியும் பிரின்டரின் வரிசை எண்ணும் அதில் உண்டு.

எனவே சரிபார்ப்புக்கு ஆவணத்தைக் காட்டாதீர்கள், அதில் உள்ள விவரத்தைக் கேள்வியாகக் கேளுங்கள். வெளியிடுவதென்றால் வாசகங்களை நீங்களே தட்டச்சு செய்து போடுங்கள். பி.டி.எஃப்-இல் கறுப்புப் பட்டை போட்டு மறைத்த எழுத்தைப் பல சமயம் நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் அப்படியே வந்துவிடும். படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் எடுத்த இடம், கேமரா விவரம் நீங்கிவிடும். அதே படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் நீங்காது. டெஸ்க்குக்கு மூலக் கோப்பாகப் போனதை அவர்கள் அப்படியே இணையத்தில் ஏற்றிவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலைதான். இன்னொன்று: சில அலுவலகங்களில் ஆளுக்கொரு சிறு வார்த்தை வித்தியாசத்தோடு அறிக்கை சுற்றுக்கு விடுவார்கள். யாரிடமிருந்து கசிந்தது என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். நேரடி மேற்கோளைக் குறைத்து சாரத்தை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெகாசஸ் எல்லாம் பெரிய ஆளுங்களுக்குத்தானே வைப்பாங்க?

போனுக்குள் நுழையும் இந்த உளவு மென்பொருளின் விலை அதிகம் என்பதால் குறிவைக்கப்படுவோர் குறைவு, உண்மைதான். அதற்காக யாருக்கும் இல்லை என்று ஆகாது. 'தி வயர்' நிறுவன ஆசிரியர்கள் இருவரின் போன்களில் அதன் தடயம் இருப்பதாக 2021-இல் தடயவியல் சோதனை சொன்னது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைப் பார்த்து ஐந்தில் ஏதோ தீயநிரல் இருப்பதாகச் சொன்னது. பெகாசஸ்தான் என்று உறுதிப்படுத்தவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் பதிவு செய்தது. லிங்கைத் தொடாமலே உள்ளே நுழையும் வகை இது. 'தெரியாத லிங்கைத் தொட மாட்டேன்' என்பது இதற்குக் காப்பு ஆகாது.

செய்யக்கூடியவை சில. ஐபோனில் 'லாக்டவுன் மோடு', ஆண்ட்ராய்டு 16-இல் 'அட்வான்ஸ்டு புரொடெக்‌ஷன்' இரண்டும் இலவசம், இரண்டிலும் சில வசதிகள் குறையும். அப்டேட் வந்த அன்றே போடுங்கள். தினம் ஒருமுறை போனை மறுதொடக்கம் செய்தால் இவ்வகை நிரல்கள் பல கலைந்துவிடும், மறுபடி ஏற்ற எதிராளி மெனக்கெட வேண்டியிருக்கும். இதையெல்லாம் விட, கைரேகையால் திறக்கும் நாலாயிரம் ரூபாய் பழைய போனில் சோர்ஸ் எண் இருப்பதுதான் நம் ஊரில் நிஜமான ஓட்டை.

ஆப்பிள்ல இருந்து எச்சரிக்கை வந்திருக்கு. உடனே ரீசெட் பண்ணிடட்டுமா?

வேண்டாம். ரீசெட் செய்தால் தடயம் போய்விடும், யார் எப்போது நுழைந்தார்கள் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. முதலில், உங்கள் போனை உளவு மென்பொருள் குறிவைத்திருக்கிறது என்ற அந்த எச்சரிக்கை அசலா என்று பாருங்கள். ஆப்பிளின் அசல் எச்சரிக்கை லிங்கைத் தொடச் சொல்லாது, கடவுச்சொல் கேட்காது. வேறொரு சாதனத்தில் ஆப்பிள் கணக்குப் பக்கத்துக்குள் நீங்களே நுழைந்தால் மேலேயே தெரியும்.

அசல்தான் என்றால் அந்தப் போனில் அதைப் பற்றிப் பேசாதீர்கள். கடவுச்சொல் பூட்டிய பேக்கப் ஒன்றைக் கம்ப்யூட்டரில் எடுங்கள். பூட்டாத பேக்கப்பை விட அதில்தான் அதிகப் பதிவுகள் இருக்கும். பிறகு லாக்டவுன் மோடு, வேறு போன், அதிலிருந்து உதவி. ஆக்சஸ் நவ் அமைப்பின் டிஜிட்டல் உதவி மையம் 24 மணி நேரமும் பத்திரிகையாளர்களுக்கு இலவசமாக உதவுகிறது. ஆம்னஸ்டியின் பாதுகாப்பு ஆய்வகம் வெளியிட்ட எம்.வி.டி. என்ற கருவியால் பேக்கப்பைச் சோதிக்கலாம். அது தெரிந்த தடயங்களை மட்டுமே தேடும், ஆகவே 'ஒன்றும் இல்லை' என்று வந்தால் சுத்தம் என்று அர்த்தமில்லை.

'சும்மா ஒரு விசாரணை, ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க சார்' என்று போன். போகணுமா?

எழுத்தில் கேளுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 179-ஆம் பிரிவு என்றால் உங்களைச் சாட்சியாக அழைக்கிறார்கள். பெண்களையும் 60 வயது கடந்தவர்களையும் அந்தப் பிரிவில் ஸ்டேஷனுக்கு அழைக்க முடியாது, வீட்டுக்குத்தான் வர வேண்டும். 35(3) என்றால் உங்கள் மீதே சந்தேகம், கைது தேவையில்லை என்று இப்போதைக்கு நினைக்கிறார்கள். இரண்டுக்கும் போகும் விதமே வேறு. 35-ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதற்காக வாட்ஸ்அப்பில் வந்ததைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். வக்கீல் மூலம் எழுத்தில் பதில் போடுங்கள், 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுத இடம் கொடுக்காதீர்கள்.

போகும்போது வேலை செய்யும் போனைக் கொண்டுபோக வேண்டாம். 38-ஆம் பிரிவின்படி கைதானவர் விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், முழு நேரமும் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாது. வெளியே ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும், நீங்கள் உள்ளே போன நேரத்தைக் குறித்துக்கொண்டு. டீ வாங்கிக் கொடுத்து ஊர்க்கதை பேசும் அதிகாரி கத்துகிற அதிகாரியை விடக் கெட்டிக்காரர். சோர்ஸ் பெயர்கள் பெரும்பாலும் அந்த டீ நேரத்தில்தான் நழுவும்.

வீட்டுக்கே வந்து லேப்டாப்பை எடுத்துட்டுப் போனா?

தடுக்காதீர்கள், தடுத்தால் அது தனி வழக்கு. வாரன்ட் இருந்தால் படியுங்கள். இல்லாமல் பி.என்.எஸ்.எஸ். 185-ஆம் பிரிவில் வந்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். உள்ளூர்ச் சாட்சிகள் இரண்டு பேர், எடுத்த பொருள் ஒவ்வொன்றும் எழுதிய மகஜர், அதன் நகல் உங்கள் கையில். 105-ஆம் பிரிவின்படி சோதனை முழுவதையும் ஆடியோ, வீடியோவில் பதிவு செய்வது கட்டாயம். யாரும் எடுக்கவில்லை என்றால் 'வீடியோ எடுக்கவில்லை' என்று மகஜரில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

மகஜரில் 'லேப்டாப் ஒன்று' என்று இருந்தால் ஏற்காதீர்கள். தயாரிப்பு, மாடல், வரிசை எண், போனுக்கு ஐ.எம்.இ.ஐ. எண், உங்கள் முன்னால் சீல் வைத்தார்களா என்பது எல்லாம் வர வேண்டும். ஹேஷ் மதிப்பு கேளுங்கள். வட்டில் உள்ள தரவைக் கணக்கிட்டு வரும் நீளமான எண்-எழுத்துச் சரம் அது. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் சரம் முழுக்க மாறிவிடும், அதாவது கோப்புகளின் கைரேகை. மாவோயிஸ்ட் தொடர்பு என்று செயற்பாட்டாளர்கள் கைதான பீமா கோரேகான் வழக்கில் ஒருவரின் கம்ப்யூட்டருக்குள் கடிதங்கள் தீயநிரல் மூலம் திணிக்கப்பட்டதாக அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் ஆர்சனல் கன்சல்டிங் 2021-இல் அறிக்கை தந்தது. அங்கே திணித்தது பறிமுதலுக்கு முன்பு என்கிறது அந்த அறிக்கை. ஹேஷ் உங்களைக் காப்பது பறிமுதலுக்குப் பிறகு நடப்பதிலிருந்து மட்டும்.

பாஸ்வேர்டு சொல்ல வேண்டுமா என்பதில் நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. வாரன்ட் இருந்தால் கட்டாயப்படுத்தலாம் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. முடியாது என்று டெல்லி சி.பி.ஐ. நீதிமன்றம் 2022-இல் சொன்னது. வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்பதே அந்த நேரத்துப் பதில். கைரேகை, முகம் வைத்துத் திறக்கும் வசதியை நிரந்தரமாக அணைத்து வைத்தால்தான் அந்தப் பதிலைச் சொல்லக்கூட அவகாசம் கிடைக்கும்.

அரெஸ்ட் பண்ணிட்டாங்க. வீட்டில் இருப்பவங்க முதல்ல யாருக்குப் போன் பண்ணணும்?

வக்கீலுக்கு, பிறகு ஆசிரியருக்கு, பிறகு சங்கத்துக்கு. இந்த மூன்று எண்களும் காகிதத்தில், சமையலறைக் காலண்டருக்குப் பின்னால் இருக்க வேண்டும். உங்கள் போன் அப்போது உங்களிடம் இருக்காது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும், அதற்குள் வக்கீல் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதே முதல் நாளின் ஒரே வேலை.

ரிமாண்ட் வெறும் சடங்கு என்று விட்டுவிடுகிறார்கள். 2018 அக்டோபரில் 'நக்கீரன்' கோபாலைக் கைது செய்து பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-ஆம் பிரிவில் எழும்பூர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்ய மறுத்தார், அன்றே வீடு திரும்பினார். 'நியூஸ்கிளிக்' ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தா 2023 அக்டோபர் 3 அன்று உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தில் கைதானார். கைதுக்கான காரணத்தை எழுத்தில் தராததால் கைதே செல்லாது என்று 2024 மே 15 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே வக்கீல் கேட்க வேண்டிய முதல் தாள் அந்தக் காரணத் தாள்தான். உபா என்றால் குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை அவகாசம் நீளும், 43டி(5) ஜாமீனை ஏறக்குறைய மூடிவிடும். குடும்பம் மாதக் கணக்கில் செலவுக்குத் தயாராக வேண்டியிருக்கும்.

மோதல் நடக்கிற ஏரியா. போலீஸ் வண்டியிலேயே போயிட்டா பாதுகாப்புத்தானே?

பல சமயம் நேர் எதிர். 2018 அக்டோபரில் தண்டேவாடாவில் போலீஸாரோடு போன தூர்தர்ஷன் ஒளிப்பதிவாளர் அச்சுதானந்த சாஹு மாவோயிஸ்ட் தாக்குதலில் இறந்தார். ஆப்கன் சிறப்புப் படையோடு போன ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் டேனிஷ் சித்திக்கி 2021 ஜூலையில் ஸ்பின் போல்டக்கில் இறந்தார். படையோடு போனால் படைக்கு வைத்த குறி உங்களுக்கும்தான். தனி வண்டி, பகல் நேரம், உள்ளூர் நிருபரின் ஒப்புதல், போன பாதையிலேயே திரும்பாமல் இருப்பது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை டெஸ்க்குக்குத் தகவல். தவறினால் அரை மணியில் அவர்கள் அழைப்பது, இன்னொரு மணியில் எஸ்.பி. அலுவலகத்துக்கும் உள்ளூர் நண்பருக்கும் சொல்வது என்று முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

துணியாலான குண்டு துளைக்காத அங்கி கைத்துப்பாக்கிக்கு மட்டும்தான் தாங்கும். ஏ.கே. ரகத்துக்குக் கெட்டித் தகடு வேண்டும், முன்னும் பின்னும் சேர்த்து ஆறு கிலோ ஏறும். அதை விட, கை கால் காயத்தில் ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கே பட்டை ஒன்று பையில் இருப்பது உபயோகம்: காயத்துக்கு ஐந்து, ஏழு சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மீது இல்லாமல், ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, கட்டிய நேரத்தை நெற்றியில் எழுதிவிட வேண்டும். மருத்துவமனை தவிர வேறெங்கும் அவிழ்க்கக் கூடாது.

ஆபரேஷன் நடக்கும்போது லைவ் போகலாமா?

கூடாது. 2015-இல் திருத்திய கேபிள் டிவி விதி 6(1)(p) பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையின் நேரலையைத் தடுக்கிறது. அதிகாரி அவ்வப்போது தரும் தகவலை மட்டும் ஒளிபரப்பலாம். 2008 மும்பைத் தாக்குதலில் நேரலை எப்படி உள்ளே இருந்தவர்களுக்கு உதவியது என்று உச்ச நீதிமன்றமே கசாப் தீர்ப்பில் கடிந்துகொண்டது. இதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நான் ஸ்ட்ரிங்கர் (நிரந்தர ஊழியர் அல்லாத நிருபர்). ஏதாவது ஆனால் 'எங்க ஆள் இல்லை' என்று சொல்லிவிடுவார்களே?

சொல்வார்கள். ஆகவே கிளம்பும் முன் 'இன்ன இடத்துக்கு இன்ன செய்திக்காகப் போகிறேன்' என்று டெஸ்க்குக்கு ஒரு மின்னஞ்சல், 'சரி' என்று ஒற்றை வார்த்தையிலாவது பதில். வாய்மொழி அசைன்மென்ட் நீதிமன்றத்தில் நிற்காது. சங்கத்தில் உறுப்பினராகி அட்டையைப் புதுப்பித்து வையுங்கள். கேரளப் பத்திரிகையாளர் சித்திக் கப்பன் 2020 அக்டோபர் 5 அன்று ஹாத்ரஸ் போகும் வழியில் கைதானதும் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டது அவர் நிறுவனம் அல்ல, கேரளப் பத்திரிகையாளர் சங்கம். அப்படியும் அவர் வெளியே வர 2023 பிப்ரவரி ஆனது. காரை ஓட்டிப்போன ஓட்டுநரும் உடன் சிறைக்குப் போனார்; நீங்கள் அமர்த்தும் ஓட்டுநருக்கு எங்கே எதற்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அமர்த்துவது குறைந்தபட்ச நேர்மை.

மகாராஷ்டிரத்திலும் சத்தீஸ்கரிலும் பத்திரிகையாளர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. சத்தீஸ்கரில் 2023-இல் நிறைவேறியது. முதல் கேள்வியில் சொன்ன கொலை அதற்குப் பிறகு நடந்தது.

இலங்கையில் வேலை செய்கிறோம். இதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

தொழில்நுட்பம் பொருந்தும், சட்டம் பொருந்தாது. 1979-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலமே சான்றாகிவிடும்; இந்தியாவில் பொலிஸிடம் சொன்னது பொதுவாக அப்படி ஆகாது. எழுதிய இரண்டு கட்டுரைகளுக்காக ஜே.எஸ்.திசைநாயகத்துக்கு 2009-இல் 20 ஆண்டு கடூழியச் சிறை விதித்தபோது அப்படியொரு வாக்குமூலம் முக்கியப் பங்கு வகித்தது. 2010-இல் மன்னிப்புக் கிடைத்தது. தடுத்துவைக்கும் உச்சக் காலம் 18 மாதமாக இருந்து 2022 திருத்தத்தில் 12 மாதமானது. கொழும்பில் பொலிஸ் விசாரணைப் பிரிவு இருக்கும் 'நாலாம் மாடி'க்கு அழைப்பு வந்தால் சட்டத்தரணி இல்லாமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம். உங்களுக்கு விளங்காத மொழியில் எழுதியதில் நிச்சயமாக வேண்டாம்.

பாதுகாப்புப் பத்தி எழுதியவர்களுக்கு அங்கே நடந்தது எல்லோருக்கும் தெரியும். தராகி சிவராம் 2005 ஏப்ரல் 28 இரவு பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டு மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அருகே பிணமாகக் கிடந்தார். கீத் நொயார் 2008 மேயில் கடத்தி அடிக்கப்பட்டார். மிக் விமானக் கொள்முதலை எழுதிய லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 காலை அலுவலகம் போகும் வழியில் தாக்கப்பட்டு இறந்தார். இவற்றில் பல வழக்கமான நேரம், வழக்கமான பாதையில் நடந்தவை. நேரத்தையும் பாதையையும் மாற்றிக்கொண்டே இருக்கச் சொல்வது அதனால்தான்.

மிரட்டல் வந்தால் ரகசியமா வச்சுக்கணுமா, வெளியே சொல்லணுமா?

சொல்லுங்கள். தேதி, நேரம், எண், சொன்ன வார்த்தை அப்படியே ஒரு பதிவேட்டில். புகாரைப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், ஸ்டேஷனில் வாங்க மறுத்தாலும் ரசீது இருக்கும். அதைவிட முக்கியம், செய்தி உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கும் நாட்களே மிக ஆபத்தானவை. உங்களை நிறுத்தினால் செய்தி நிற்கும். குறிப்புகளையும் ஆவணங்களையும் வேறு இருவரிடம் கொடுத்துவிட்டு அதை எதிராளியின் காதில் விழும்படி சொல்லுங்கள். ஃபார்பிடன் ஸ்டோரீஸ் என்ற அமைப்பு 'சேஃப்பாக்ஸ்' என்று இதற்கே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது: ஆபத்தில் இருப்பவர் ஆவணங்களை அங்கே வைக்கலாம், அவருக்கு ஏதாவது ஆனால் மற்றவர்கள் செய்தியை முடிப்பார்கள்.

'இதைப் போட்டா எங்க ஆளுங்க உயிர் போகும்' என்று அதிகாரி சொல்கிறார். நம்புவதா, மூடி மறைக்கிறாரா?

இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு, குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 'எந்த வரியால்?' என்று கேளுங்கள். உண்மையான ஆபத்து என்றால் ஒரு இடப் பெயர், ஒரு நேரம், ஒரு ஆளின் அடையாளம் என்று குறிப்பாகச் சொல்வார். அதை நீக்கலாம், அல்லது நடவடிக்கை முடியும்வரை தேதி குறித்துத் தள்ளிவைக்கலாம். 'மொத்தமும் வேண்டாம்' என்றால் பெரும்பாலும் சங்கடம்தான் காரணம். முழு வரைவை மட்டும் காட்டாதீர்கள்; யார் பேசியிருப்பார்கள் என்பதற்கான குறிப்பு வரைவில் நிறைய இருக்கும். முடிவை ஆசிரியர் எடுக்கட்டும், கேட்டதும் சொன்னதும் எழுத்தில் இருக்கட்டும்.

எல்லாம் செய்தும் சோர்ஸ் மாட்டிக்கிட்டார். இப்ப என்ன பண்றது?

அவருக்குப் போன் செய்யாதீர்கள், வீட்டுக்குப் போகாதீர்கள். அவர் பெயரைச் சொல்லி யார் கேட்டாலும் 'அவர் இல்லை' என்றும் சொல்லக் கூடாது. ஒருவரை இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் மௌனமானால் அதுவே பதில். எல்லாப் பெயருக்கும் ஒரே வாக்கியம்: 'மூலங்களைப் பற்றிப் பேசுவதில்லை.'

உங்கள் வக்கீல் அவருக்கும் வாதாடக் கூடாது, இருவரையும் இணைக்கும் நூல் அதுவே ஆகிவிடும். வேறு வக்கீலை மூன்றாவது ஆள் மூலம் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். துறை விசாரணை என்றால் பணியாளர் விதிகள் தெரிந்தவர் வேண்டும், கிரிமினல் வக்கீல் மட்டும் போதாது. செலவை நிறுவனம் ஏற்குமா என்பதை அந்த நாளில் பேசத் தொடங்கினால் தாமதமாகிவிடும். முதல் ஆவணத்தை வாங்கும் முன்பே ஆசிரியரிடம் கேட்டு வைக்க வேண்டிய கேள்வி அது.